பழைய காமிக்ஸ் துண்டுக்கு நாள் குறிப்பது எப்படி? கிங் ஃபீச்சர்ஸ் ஓர வரிகளைப் படிக்க ஒரு கையேடு

அமெரிக்க நாளிதழ்களிலிருந்து கத்தரித்த சித்திரக்கதைத் துண்டுகள் இன்று ஏலத் தளங்கள் வழியாகவும் பழைய புத்தகக் கடைகள் வழியாகவும் நம் ஊர் வாசகர்கள் கைக்கு வருகின்றன. மாயாவி (மூலத்தில் ஃபேன்டம்), மாண்ட்ரேக், ரிப் கிர்பி என்று நாம் படித்து வளர்ந்த கதைகளின் முதல் வடிவம் அவைதான். கையில் கிடைத்த துண்டு எந்த ஆண்டு, எந்த நாள் அச்சானது, யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல. இரண்டு கட்டங்களுக்கு நடுவிலோ, கட்டத்தின் அடியிலோ பொடி எழுத்தில் ஓடும் உரிமை வரியை, அதாவது ஓர வரியைப் பார்க்க வேண்டும். அதில் கிங் ஃபீச்சர்ஸ் போன்ற ஒரு சிண்டிகேட் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி எப்போது பிறந்தது, எப்போது பெயர் மாற்றியது, எப்போது கைமாறியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடியும் இந்த வரலாறும் போதும்.

கம்பெனி என்ன செய்தது

சிண்டிகேட் என்பது பத்திரிகை நடத்தும் நிறுவனம் அல்ல. பத்திரிகைகளுக்குச் சரக்கு விற்கும் நிறுவனம். சித்திரக்கதை, சமையல் குறிப்பு, உடல்நலப் பத்தி, தொடர்கதை, குறுக்கெழுத்து என்று ஒரே பொருளை நூற்றுக்கணக்கான ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஒரே நேரத்தில் விற்றது. விலை பத்திரிகையின் விற்பனையைப் பொறுத்தது. அதனால் சிற்றூர்ப் பத்திரிகைக்கும் நியூயார்க் பத்திரிகைக்கும் ஒரே கதை கட்டுப்படியானது. ஓர் ஊரில் ஒரு பத்திரிகைக்கு விற்றால் அதே வட்டாரத்தில் போட்டிப் பத்திரிகைக்குத் தருவதில்லை என்பது வழக்கமான நிபந்தனை. வருமானத்தைப் படைப்பாளியும் கம்பெனியும் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உரிமை மட்டும் நெடுங்காலம் கம்பெனியிடமே இருந்தது. ஓர வரியில் ஓவியர் பெயர் இல்லாமல் கம்பெனி பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொழிலின் வேர் 1860களில் இருக்கிறது. விஸ்கான்சினில் பராபூ என்ற ஊரில் பத்திரிகை நடத்திய ஆன்சல் நாஷ் கெல்லாக், ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சான தாளை வரவழைத்து மறுபக்கத்தில் உள்ளூர்ச் செய்தியை அச்சிட்டார். பிறகு சிகாகோவிலிருந்து அப்படிப்பட்ட தாள்களை மற்றவர்களுக்கும் விற்றார். 1884-ல் எஸ். எஸ். மெக்ளூரும் இர்விங் பேச்சலரும் கதை, கட்டுரைகளைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனங்களைத் தொடங்கினார்கள். சித்திரக்கதைகளைப் பெருவணிகமாக்கியவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். அவருக்காக மோசஸ் கோனிக்ஸ்பெர்க் 1913-ல் நியூஸ்பேப்பர் ஃபீச்சர் சர்வீஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார். 1915 நவம்பர் 16 அன்று கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் வந்தது. கோனிக்ஸ்பெர்க் 1928-ல் விலகிய பின் ஜோசப் கானலி பொறுப்பேற்றார். ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக், மாயாவி, பிரின்ஸ் வேலியன்ட் எல்லாம் கானலி காலத்துச் சரக்கு.

ஓர வரியைப் படிப்பது

வரியில் நான்கு உறுப்புகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: உரிமைச் சொல் அல்லது குறி, ஆண்டு, கம்பெனி பெயர், உரிமை எல்லை (எந்த நாடுகளுக்கு உரிமை என்பது).

கம்பெனி பெயரே காலத்தைக் குறுக்கிவிடும். "அமெரிக்கன்-ஜர்னல்-எக்ஸாமினர்" என்று இருந்தால் 1900களின் முதல் பத்தாண்டைச் சேர்ந்த ஹெர்ஸ்ட் ஞாயிறு பக்கம். "ஸ்டார் கம்பெனி" என்று இருந்தால் 1910களில் தேடுங்கள். இவை இரண்டும் ஹெர்ஸ்ட் குழுமத்தின் பெயர்களே; கிங் ஃபீச்சர்ஸ் என்ற பெயர் இல்லாததால் வேறு நிறுவனம் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். 1920களில் "இன்டர்நேஷனல் ஃபீச்சர் சர்வீஸ்", "நியூஸ்பேப்பர் ஃபீச்சர் சர்வீஸ்" என்ற பெயர்கள் கிங் ஃபீச்சர்ஸோடு கலந்தே வரும். ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தில் மூன்று கதைகளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். "பிரஸ் பப்ளிஷிங் கம்பெனி" என்பது புலிட்சரின் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகை. அது ஹெர்ஸ்டின் போட்டியாளர்.

உரிமை எல்லையும் உதவும். "கிரேட் பிரிட்டன் ரைட்ஸ் ரிசர்வ்ட்" என்ற வாசகம் 1920களின், 1930களின் துண்டுகளில் அடிக்கடி வரும். "வேர்ல்டு ரைட்ஸ் ரிசர்வ்ட்" என்பது அதற்குப் பிறகு நிலைத்த வழக்கம். இணையத் தள முகவரி ஓரத்தில் இருந்தால் 1990களின் பிற்பகுதிக்கு முன்னால் போகவே வேண்டாம்.

ஆண்டு அச்சாகியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஓர் எச்சரிக்கையோடு. தினசரித் துண்டுகளைச் சில வாரங்கள் முன்கூட்டியும், ஞாயிறு பக்கங்களை அதைவிட முன்கூட்டியும் வரைந்து அனுப்பிவிடுவார்கள். அதனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரங்களிலும் ஆண்டு ஒன்று முன்னும் பின்னுமாக அச்சாகியிருக்கலாம். சில சிறு பத்திரிகைகள் கதைகளைத் தாமதமாக வெளியிட்டன. அவற்றில் ஓர வரியின் ஆண்டு கதை வெளியீட்டின் ஆண்டே தவிர, உங்கள் கையில் உள்ள தாள் அச்சான ஆண்டு அல்ல.

கம்பெனிகள் கைமாறிய வரலாறு எவ்வளவு பயன்படும் என்பதற்கு டென்னிஸ் தி மெனஸ் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1951 மார்ச் 12-ல் தொடங்கியபோது ஓரத்தில் போஸ்ட்-ஹால் சிண்டிகேட். 1955 முதல் ஹால் சிண்டிகேட். 1967 முதல் பப்ளிஷர்ஸ்-ஹால். 1975 முதல் ஃபீல்டு நியூஸ்பேப்பர் சிண்டிகேட். 1984 முதல் நியூஸ் அமெரிக்கா சிண்டிகேட். அதைக் கிங் ஃபீச்சர்ஸின் தாய் நிறுவனம் வாங்கிய பின் நார்த் அமெரிக்கா சிண்டிகேட். படத்தில் அதே வாலுப் பையன், அதே கோடுகள்தான். ஓர வரி மட்டும் ஐந்து முறை சட்டை மாற்றியிருக்கிறது. ஆண்டு கிழிந்துபோன துண்டைக்கூட இந்த அட்டவணையை வைத்துப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். ஃபேமிலி சர்க்கஸும் இப்படித்தான்: முதலில் ரெஜிஸ்டர் அண்ட் ட்ரிப்யூன், பிறகு சிறிது காலம் கௌல்ஸ், 1986 விற்பனைக்குப் பின் கிங் ஃபீச்சர்ஸ். கௌல்ஸ் பெயர் உள்ள துண்டு மிகக் குறுகிய காலத்தைச் சேர்ந்தது என்பதால் நாள் குறிப்பது எளிது.

"டிஸ்ட்ரிபியூட்டட் பை" என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். அது இருந்தால் உரிமை வேறொருவரிடம், விநியோகம் மட்டுமே சிண்டிகேட்டிடம். 1930 ஜனவரி 13-ல் தொடங்கிய மிக்கி மவுஸ் இதற்கு உதாரணம். அதில் டிஸ்னியின் பெயர் மாறுவதையும் பாருங்கள்: 1930களில் "வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ்", பிறகு நெடுங்காலம் "வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்", 1986-க்குப் பின் "தி வால்ட் டிஸ்னி கம்பெனி". கையெழுத்து வால்ட் டிஸ்னியுடையது. ஆனால் 1930 மே முதல் 1975 வரை தினசரித் துண்டுகளை வரைந்தவர் ஃப்ளாய்ட் காட்ஃபிரட்சன். கையெழுத்தை வைத்து ஓவியரை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

நாள் எண்ணைப் படிப்பது

தினசரித் துண்டுகளில் கட்டத்தின் மூலையில் கையால் எழுதிய இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் ஒரு கோடு. இது அமெரிக்க முறை: முதலில் மாதம், பிறகு தேதி. ரிப் கிர்பியின் முதல் துண்டில் வரவேண்டிய 3-4 என்பது மார்ச் 4. நம் வழக்கப்படி ஏப்ரல் 3 என்று படித்தால் வரிசையே குலைந்துவிடும். இந்தியத் தொகுப்பாளர்கள் செய்துவைத்த பட்டியல்களில் அதிகம் காணும் பிழை இது. இரண்டாவது எண் 12-ஐத் தாண்டினால் குழப்பமே இல்லை. தாண்டாத துண்டுகளை அதே கதையின் தாண்டிய துண்டுகளோடு வைத்துச் சரிபாருங்கள்.

சில கதைகளில் தேதிக்குப் பதிலாக வரிசை எண் இருக்கும். ஜான் டில் நிறுவனம் வெளியிட்ட பக் ரோஜர்ஸின் தொடக்க காலத் துண்டுகள் அப்படி எண்ணிடப்பட்டவை. நூற்றுக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் அதைத் தேதியாகப் பிரிக்க முயலாதீர்கள்.

மாதமும் தேதியும் தெரிந்து ஆண்டு தெரியாவிட்டால் காலண்டர் கைகொடுக்கும். தினசரித் துண்டுகள் திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு பக்கம் ஞாயிறு மட்டும். ஒரு தேதி ஒரே கிழமையில் மீண்டும் வருவது 5, 6, 11 ஆண்டு இடைவெளிகளில். ஆகவே ஞாயிறு பக்கம் ஒன்றில் 7-4 என்றிருந்தால், 1930களின் நடுவிலிருந்து 1990களின் நடுவரை ஜூலை 4 ஞாயிறாக வந்த ஆண்டுகளை மட்டும் பார்த்தால் போதும்: 1937, 1943, 1948, 1954, 1965, 1971, 1976, 1982, 1993. அந்தப் பக்கம் சை பாரி கையெழுத்திட்ட மாயாவி என்று வையுங்கள். அவர் 1960களின் தொடக்கத்திலிருந்து 1994 வரை வரைந்தவர். அதனால் முதல் நான்கு ஆண்டுகள் கழிந்துவிடும். இனிக் கதைக்குள் பாருங்கள். மாயாவிக்கும் டயானாவுக்கும் திருமணம் 1977-ல் நடந்தது. இரட்டைக் குழந்தைகள் கிட்டும் ஹெலோயிஸும் 1979-ல் பிறந்தார்கள். குழந்தைகள் படத்தில் இருந்தால் 1982 அல்லது 1993 மட்டுமே மீதி. ஓடும் குழந்தைகளா, தொட்டில் குழந்தைகளா என்று பார்த்தாலே ஒன்று கழிந்துவிடும்.

தினசரித் துண்டுக்குக் கிழமை நேரடிச் சான்று தராது, ஏனென்றால் ஆறு கிழமைகளும் சாத்தியம். அங்கே எதிர்மறையாகப் பயன்படுத்துங்கள்: அந்தத் தேதி ஞாயிறாக விழுந்த ஆண்டுகளை நீக்குங்கள். ஒரே கதையின் ஏழெட்டுத் துண்டுகள் கிடைத்தால் எந்தத் தேதி வரிசையில் இல்லை என்று பாருங்கள். 10, 11, 13, 14 என்று ஓடினால் 12-ம் தேதி ஞாயிறு. ஒரே நிமிடத்தில் ஆண்டுப் பட்டியல் சுருங்கும். துண்டுகளில் ஒன்று தொலைந்திருக்கலாம் என்பதால் கதை ஓட்டம் அறுபடுகிறதா என்று உரையாடலையும் படித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கதைக்குள் நடந்த பெரிய நிகழ்ச்சிகள் எல்லாமே இப்படி எல்லைக்கல்லாகும். பிளாண்டி 1930 செப்டம்பர் 8-ல் தொடங்கியது, பிளாண்டிக்கும் டாக்வுட்டுக்கும் 1933 பிப்ரவரி 17-ல் திருமணம், மகன் 1934 ஏப்ரலில் பிறந்தான், மகள் 1941-ல். திம்பிள் தியேட்டர் 1919 டிசம்பர் 19-ல் தொடங்கியது. ஆனால் அதில் பாப்பாய் தலைகாட்டியது 1929 ஜனவரி 17-ல்தான். பாப்பாய் இல்லாத திம்பிள் தியேட்டர் துண்டைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் அதுதான் பழையது.

ஓடிய வடிவத்தை வைத்துக் கழிப்பது

எந்தக் கதை எந்த வடிவத்தில் ஓடியது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. ரிப் கிர்பி தினசரி மட்டும். 1946 மார்ச் 4 முதல் 1999 ஜூன் 26 வரை. அதன் ஞாயிறு பக்கம் என்று யாராவது விற்றால் அது மறுபதிப்பு. பிரின்ஸ் வேலியன்ட் 1937 பிப்ரவரி 13 முதல் இன்றுவரை வாரப் பக்கம் மட்டும். ஃப்ளாஷ் கார்டன் 1934 ஜனவரி 7-ல் ஞாயிறு பக்கமாகத் தொடங்கி, 1940-ல்தான் தினசரி பெற்றது. மாயாவி தினசரி 1936 பிப்ரவரி 17, ஞாயிறு 1939 மே 28. மாயாவியின் ஞாயிறு கதையும் தினசரி கதையும் தனித்தனி ஓட்டங்கள். இரண்டையும் கலந்து அடுக்கினால் கதை புரியாது.

ஓவியர் மாற்றம் அடுத்த சான்று. மாயாவியில் ரே மூரின் கோடு மென்மையானது, நிழல் அதிகம். 1942-ல் அவர் ராணுவத்துக்குப் போனபோது வில்சன் மெக்காய் தினசரியை ஏற்றார். அவரது கோடு தடித்தது, பின்னணி எளியது. மெக்காய் 1961-ல் இறந்தார். பில் லிக்னான்டே சிறிது காலம் வரைந்த பின் சை பாரி வந்தார். மாண்ட்ரேக் 1934 ஜூன் 11 முதல் ஃபில் டேவிஸ். அவர் 1964-ல் இறந்த பின் ஃப்ரெட் ஃப்ரெட்ரிக்ஸ். ரிப் கிர்பியை உருவாக்கிய அலெக்ஸ் ரேமண்ட் 1956 செப்டம்பர் 6-ல் கார் விபத்தில் இறந்தார். முன்கூட்டியே வரைந்து கொடுத்திருந்ததால் அதற்குப் பிறகும் சில வாரங்கள் அவரது படங்கள் அச்சில் வந்தன. பிறகு ஜான் பிரென்டிஸ், கடைசி வரை. ஆகவே இறந்த தேதியைக் கோடாகப் போட்டு "இதற்குப் பின் அடுத்தவர்" என்று எழுதிவிடக் கூடாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் இடம் விடுங்கள்.

அளவும் அச்சும்

துண்டின் அகலத்தை அளந்து எழுதிவையுங்கள். 1930களில் தினசரித் துண்டு பெரும்பாலும் ஆறு பத்தி அகலம், ஏறத்தாழ 12 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் ஐந்து பத்தி, பிறகு நான்கு பத்தி, அதாவது சுமார் 8 அங்குலம் என்று சுருங்கியது. அதன்பின் பழைய அகலம் திரும்பவே இல்லை. விரிந்த காட்சிகளும் நீண்ட வசனங்களும் பிற்காலக் கதைகளில் குறைந்ததற்கு இந்தச் சுருக்கம் பெரிய காரணம். ஓவியர்களின் திறமை குறைந்ததாகச் சொல்பவர்கள் முதலில் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே நாள் துண்டு இரண்டு பத்திரிகைகளிலிருந்து கிடைத்தால் அகலம் சில மில்லிமீட்டர் வேறுபடும். இதற்குக் காரணம் அச்சு முறை. சிண்டிகேட் ஓவியத்தைப் புகைப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் பொறித்து, அதிலிருந்து காகிதக்கூழ் அட்டையில் அழுத்தி அச்சுப் பதிவு எடுக்கும். மேட் என்று சொல்லும் அந்த அட்டையைத்தான் தபாலில் அனுப்பினார்கள். எடை குறைவு, உடையாது, செலவும் மிச்சம். வாங்கிய பத்திரிகை அதில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றித் தகடு வார்க்கும். ஈரமான அட்டை காயும்போது சுருங்கும்; எவ்வளவு சுருங்கும் என்பது அந்த அச்சகத்தைப் பொறுத்தது. அதனால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் போலிக்கு அடையாளம் ஆகாது. கோடுகள் ஓரிடத்தில் நசுங்கியோ, கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தோ இருந்தால் அதுவும் வார்ப்பில் வந்த குறைதான்.

ஞாயிறு பக்கம் சிக்கலானது. முழுப் பக்கம், அரைப் பக்கம், மூன்றில் ஒரு பங்கு, டேப்லாய்டு என்று ஒரே கதை பல வடிவில் விற்கப்பட்டது. சிறிய வடிவம் வாங்கியவர்களுக்காகச் சில கட்டங்களை நீக்கினாலும் கதை கெடாதபடி ஓவியர் வரைய வேண்டியிருந்தது. மேல் வரிசையில் தலைப்போடு வரும் ஒரு நகைச்சுவைக் கட்டம் பெரும்பாலும் அப்படி நீக்கக்கூடியது. உங்கள் துண்டில் அந்தக் கட்டம் இல்லையென்றால் யாரோ வெட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். அது வாங்கிய வடிவம். சேகரிப்பவர்கள் தேட வேண்டியது முழுப் பக்கமும் அரைப் பக்கமும். மூன்றில் ஒரு பங்கு வடிவத்தில் படம் இழப்பு உறுதி.

1920களின் நடுவிலிருந்து போர்க்காலம் வரை முழுப் பக்கத்தின் தலையில் அதே ஓவியரின் இரண்டாவது குட்டிக் கதை ஒன்று இருக்கும். திம்பிள் தியேட்டருக்கு மேல் சாப்போ, ஃப்ளாஷ் கார்டனுக்கு மேல் ஜங்கிள் ஜிம். மேல் கதை இருந்தால் காலம் அந்த இடைவெளிக்குள் என்பதை நம்பலாம். இல்லாவிட்டால் வெட்டியிருக்கலாம் என்பதால் எதையும் முடிவு செய்ய முடியாது. மேல் ஓரம் கத்தரிக்கோல் வெட்டா, அச்சக வெட்டா என்று பாருங்கள்.

கையில் இருப்பது என்ன?

துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் விளம்பரம், விளையாட்டுச் செய்தி, வானொலி அல்லது தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியல் இருந்தால் அது நாளிதழ்த் துண்டு. அந்தப் பின்பக்கம் மிகப் பெரிய சாட்சி: பேஸ்பால் முடிவு ஒன்று கிடைத்தால் நாளையே உறுதி செய்துவிடலாம். இதனால்தான் எந்தத் துண்டையும் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டக்கூடாது.

பின்பக்கம் வெறுமையாக, தாள் வெண்மையாக, வழவழப்பாக, ஒரே தாளில் ஒரு வாரத்து ஆறு துண்டுகளும் இருந்தால் அது சிண்டிகேட் அனுப்பிய புரூஃப், அதாவது அச்சு மாதிரிப் படி. அச்சுத் தெளிவில் நாளிதழைவிட மேலானது. மறுபதிப்புப் பதிப்பாளர்கள் தேடி அலைவது இதைத்தான்.

தடித்த வெள்ளை அட்டை, அச்சைவிட ஏறத்தாழ இரு மடங்கு அகலம், கறுப்பு மையில் மேடுபள்ளம், வெள்ளைப் பூச்சால் திருத்தம், வெளிர் நீலப் பென்சில் கோடு, உரிமை வரி தனிச் சீட்டாக ஒட்டியது: இவை மூல ஓவியத்தின் அடையாளங்கள். பழைய மூலங்களில் சில இடங்கள் நீல நிறத்தில் லேசாகப் பூசப்பட்டிருக்கும். அந்த இடத்தில் புள்ளி நிழல் போடு என்று தகடு பொறிப்பவருக்குச் சொல்லும் குறிப்பு அது, அழித்துவிடாதீர்கள். பூதக்கண்ணாடியில் கறுப்புப் பரப்பு முழுவதும் ஒரே சீராக, தூரிகைத் தடமே இல்லாமல் இருந்தால் மூலம் அல்ல, நகல்.

தமிழ்ப் பதிப்பிலிருந்து மூலத்துக்குப் போவது

இந்திரஜால் காமிக்ஸ் 1964 மார்ச்சில் மாயாவி கதையோடு தொடங்கியது; தமிழிலும் வந்தது. முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் வழியாகவும் கிங் ஃபீச்சர்ஸ் கதைகள் நமக்குக் கிடைத்தன. இவற்றில் ஓர வரியையும் நாள் எண்ணையும் பெரும்பாலும் அழித்திருப்பார்கள். எனவே வேறு வழியில் போக வேண்டும்.

முதலில் மூலம் தினசரியா, ஞாயிறா என்று முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒருமுறை முந்தைய நிகழ்வை யாராவது திரும்பச் சொன்னால் மூலம் தினசரி. நேற்றைய பத்திரிகையைத் தவறவிட்டவருக்காக எழுதிய வரி அது. ஏழெட்டுக் கட்டத்துக்கு ஒருமுறை அப்படி வந்தால் ஞாயிறு.

அடுத்து, நீக்கப்பட்டது எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 13 வாரம் ஓடிய தினசரி கதையில் 78 துண்டுகள். துண்டுக்கு மூன்று கட்டம் என்றால் 234 கட்டங்கள். முப்பது பக்கப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஆறு என்று வைத்தால் 180-தான் கொள்ளும். மீதி 54 கட்டங்கள் போயிருக்கும். அதனால் மூலத்தோடு ஒப்பிடும்போது கட்டத்துக்குக் கட்டம் பொருந்தவில்லை என்று கைவிட வேண்டாம். நீக்க முடியாத கட்டங்களை, அதாவது புதுப் பாத்திரம் அறிமுகமாகும் இடம், சண்டையின் முடிவு, கடைசிக் கட்டம் ஆகியவற்றைப் பிடித்து ஒப்பிடுங்கள்.

பெயர்களை நம்ப வேண்டாம். இந்திரஜாலில் மாயாவியின் நாடு டென்காலி ஆனது. மூலத்தில் பெங்காலி, பிறகு பங்கல்லா. சிங் கடற்கொள்ளையர் பெயரும் மாற்றப்பட்டது. வங்காளத்தோடும் சீக்கியப் பெயரோடும் குழப்பம் வராமலிருக்கச் செய்தவை இவை. நிறத்தையும் நம்ப வேண்டாம். ஆடையின் நிறம் நாட்டுக்கு நாடு மாறியது. படத்தின் கட்டமைப்பு மட்டுமே நம்பத்தக்கது.

கிங் ஃபீச்சர்ஸின் காமிக்ஸ் கிங்டம் தளத்தில் பழைய கதைகள் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தொகுப்பில் 1963 வரையிலான பல நாளிதழ்களை இலவசமாகப் பார்க்கலாம். தேடும்போது கதையின் பெயரை மட்டும் தட்டினால் கிடைக்காது. கையால் எழுதிய தலைப்பைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. பத்திரிகையைத் தேர்ந்து, அந்தப் பத்திரிகையின் காமிக்ஸ் பக்கம் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று கண்டு, நாள் நாளாகப் புரட்டுவதே விரைவு. நூலகங்கள் பழைய இதழ்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிமில் வண்ணம் இல்லை. ஞாயிறு இணைப்பையே பல இடங்களில் படமெடுக்காமல் விட்டிருப்பார்கள். மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு நூலகங்கள் கட்டுக்கட்டான மூல இதழ்களைக் கழித்துவிட்டன. பில் பிளாக்பியர்ட் என்ற சேகரிப்பாளர் அவற்றை வாங்கிச் சேர்த்ததால்தான் வண்ண ஞாயிறு பக்கங்கள் பல இன்று இருக்கின்றன. அவரது சேகரிப்பு 1998-ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இப்போது கொலம்பஸில் உள்ள பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் அதைப் பார்க்கலாம். இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

ஸ்கேன், பாதுகாப்பு

கறுப்பு வெள்ளைத் துண்டை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணப் பக்கத்தை 400 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். துண்டின் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள்; வெள்ளை மூடி இருந்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், ஓரம் வெட்டாமல் எடுங்கள். மஞ்சளை நீக்குவது பிறகு நகலில் செய்ய வேண்டிய வேலை. முதல் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

நாளிதழ்த் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து நொறுங்கும். செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை உள்ளிறங்கிப் பழுப்புக் கறை விடும். லேமினேஷன் அதைவிடக் கேடு, திரும்ப எடுக்கவே முடியாது. பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை, படுக்கைவசம், இருட்டில். நம் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பை ஒன்றும் பெட்டிக்குள் வேண்டும். பழைய மடிப்பைத் தலைகீழாக மடிக்காதீர்கள், அங்கேதான் கிழியும்.

வெளியிடும் முன்

அமெரிக்கச் சட்டப்படி, முறையாகப் பதிந்து புதுப்பித்த பழைய வெளியீடுகளுக்கு 95 ஆண்டு உரிமை. 1929-ல் வெளியானவை 2025 ஜனவரி 1-ல் பொதுச் சொத்தாயின. அந்தக் கணக்கில் 1934-ன் மாண்ட்ரேக்கும் ஃப்ளாஷ் கார்டனும் 2030-லும், 1936-ன் மாயாவித் துண்டுகள் 2032-லும் வரும். 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. சில கதைகள் அதில் தவறியிருக்கின்றன. இதை அறிய அமெரிக்க உரிமைப் பதிவு அலுவலகத்தின் அச்சான பட்டியல்களில், முதல் வெளியீட்டிலிருந்து 27, 28-ம் ஆண்டுத் தொகுதிகள் இரண்டையும் பாருங்கள். கதையின் பெயரில் மட்டும் தேடாமல் கம்பெனி பெயரிலும் தேடுங்கள். உரிமைதாரர் ஓவியர் அல்ல, கம்பெனி என்று முதலிலேயே பார்த்தோம். பாத்திரத்தின் பெயரும் தோற்றமும் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்தால் அது தனி உரிமை. அதற்கு 95 ஆண்டுக் கணக்கு பொருந்தாது.